தொட்டால் சரி, பார்த்தால் தப்பு

போன வருஷம் ஆடி இரண்டாவது வியாழனிலிருந்து ஆவணி கடைசி ஞாயிறு வரை, ஏழு வாரமும் மூன்று நாளும், என் மகளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணெதிரே இருப்பதில் வலது பாதி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கே தெரியாது. அந்த நாட்களில் அநேகமாக எல்லா மாலையும் நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு பகடைகளை உருட்டி, அவள் சொன்ன விடைகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த வலது பாதியும் போகிற நிலையில் இருந்தது என்பதை டாக்டர்தான் பிறகு சொன்னார். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். கிழக்குத் தாம்பரத்தில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டைரி உண்டு. எந்த மழைக்கு எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், ஏரி எந்தக் கிழமை நிரம்பிக் கலங்கல் வழிந்தது, எந்த மளிகைக் கடை எப்போது மருந்துக் கடையாக மாறியது, எல்லாம் இருக்கும். வேலையும் அதே ஜாதி. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் படிவத்தில் பாகத்தின் கோட்டுப்படம் ஒன்று அச்சாகியிருக்கும். ஒரு கீறலைக் கண்டால் 'கீறல்' என்று எழுதினால் போதாது; படத்தில் அது எந்த இடம் என்று புள்ளி வைக்க வேண்டும். இடம் குறிக்காத படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவதே அதுதான்.

மகள் போன வருஷம் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பாள். ஏழு வாழைப்பழத்தை எண்ணச் சொன்னால் எட்டு என்பாள், இன்னொரு தடவை கேட்டால் ஆறு என்பாள். வாய் ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது. குழந்தைகளுக்குக் கணக்கு எப்படிப் பிடிபடுகிறது என்று நாலைந்து புத்தகம் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது: எண்ணிக்கை முதலில் கண்ணில் உட்கார வேண்டும், நாக்கில் அப்புறம். அதற்குப் பகடை நல்லது. புள்ளிகள் எப்போதும் ஒரே அமைப்பில் இருக்கும். நாலைந்து நாளில் முகம்போலப் பழகிவிடும்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று வாங்கினேன். உருட்டினால் கட்டிலுக்கு அடியில் ஓடாமலிருக்க ஒரு ஷூ டப்பாவின் மூடி. ஆனி மாதத்தில் ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு வாரம் ஒரே பகடைதான். அவளே பெயர் வைத்துக்கொண்டாள். ஐந்து கேரம்போர்டு, நாலு மூலையும் நடுவும். ஆறு பஸ் சீட்டு. மூன்று ரேஷன் கடை க்யூ. பகடையின் அடியில் என்ன இருக்கும் என்று கேட்கும் விளையாட்டு ஒன்று உண்டு. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் ஏழு வரும். அதை நான் சொல்லித் தரவில்லை. ஒருநாள் உருட்டின உடனே, "கீழ ரெண்டு" என்றாள்.

"எட்டிப் பார்த்தியா?"

"பார்க்கலப்பா. அஞ்சும் ரெண்டும் பேசிக்காது. ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கும்."

அன்றைக்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

பிறகு இரண்டு பகடை. எல்லாப் பள்ளியிலும் சொல்கிற மாதிரிதான் நானும் சொன்னேன்: பெரிய எண்ணை மனசில் வைத்துக்கொள், சின்னதை விரலில் எண்ணு. மனசு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அதிலிருந்து ஐந்து விழுந்தால் ஐந்து விரலையும் குவித்து நெற்றியில் ஒரு குத்து குத்திக்கொண்டு, "வச்சுட்டேன்" என்பாள். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி, சாயங்காலம் டிபன் டப்பாவும் கையுமாக உள்ளே வந்ததும், "ஆரம்பிச்சாச்சா அப்பாவும் பொண்ணும் சூதாட்டத்தை? கதவையாவது சாத்திக்கிட்டு ஆடுங்க, போலீஸ் வரப்போகுது" என்பாள்.

ஆடி முதல் வாரத்தில் இன்னொரு விளையாட்டு சேர்ந்தது. இரண்டு பகடைகளையும் ஒரு கிண்ணத்தால் மூடி, திறந்து, ஒன்று இரண்டு எண்ணும் நேரம் காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவேன். தொடக்கூடாது. பார்த்து, கூட்டிச் சொல்ல வேண்டும். நாலும் ஐந்தும் காட்டினால் கிண்ணம் கீழே படும் முன் "ஒம்பது" வரும். அந்த வாரத்தில் ஒரே ஒரு தப்புதான் நோட்டில் இருக்கிறது, அதுவும் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில்.

அடுத்த வியாழக்கிழமை. நீலம் நாலு, சிவப்பு மூன்று. "மூணு" என்றாள்.

"ரெண்டு டைஸையும் கூட்டணும் குட்டி."

"ஒண்ணுதானே இருக்கு?"

நான் சிரித்தேன். கிண்ணத்தைத் திறந்து காட்டினேன். அவள் டப்பா மூடியைப் பார்த்தாள். கையை நீட்டி ஒரு தடவு தடவினாள். நீலப் பகடை விரலில் தட்டுப்பட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "ஒளிச்சு வச்சுட்டு சும்மா இருக்கீங்களா! கண்டுபிடிச்சுட்டேன்!"

கூட்டல் அலுத்துப்போய்ப் புது விளையாட்டு ஒன்றை அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். நோட்டில் அப்படித்தான் இருக்கிறது: 'விளையாட்டுத்தனம். ஒரு பகடையை மட்டும் சொல்கிறாள்.'

சனிக்கிழமையும் அதுதான். ஞாயிறும். கிண்ணத்தை எடுத்துவிட்டு நிதானமாகப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் கையை நீட்டித் தடவி, இரண்டையும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டால் சரியாகச் சொல்வாள். தடவவில்லை என்றால் ஒன்றைத்தான் சொல்வாள். சில நாள் சிவப்பை விட்டாள், சில நாள் நீலத்தை. நான் படித்த புத்தகங்கள், பிள்ளைகள் தொட்டு எண்ணும் பழக்கத்திலிருந்து மெல்ல விடுபட வேண்டும் என்று சொல்லியிருந்தன. இவள் முன்னேறிய இடத்திலிருந்து பின்னால் போகிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த வாரக் கடைசியில் நான் எழுதிய வரி இது: 'தொட்டால் சரி, பார்த்தால் தப்பு. கையை நம்புகிறாள். கையை நிறுத்த வேண்டும்.'

நிறுத்தினேன். பள்ளிக்கூடங்களில் இன்றும் வாத்தியார் உள்ளே வந்ததும் சொல்வார்களே, அதே வார்த்தை. "கையைக் கட்டு." இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அவள் என் எதிரே உட்கார்ந்திருப்பாள். நான் உருட்டுவேன். அவள் வலப் பக்கத்துப் பகடையைப் பார்ப்பாள், எண்ணைச் சொல்வாள், என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் தப்பு என்று தெரிந்ததும் வாய்க்கு வந்த எண்களைச் சொல்ல ஆரம்பிப்பாள். "ஏழா? எட்டா? பத்தா அப்பா?" கட்டின கைகளுக்குள் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

வலப் பக்கத்துப் பகடை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அது நீலம் அல்லது சிவப்பு. ஒவ்வொரு வரியிலும் நீலம் இத்தனை, சிவப்பு இத்தனை, சொன்னது இத்தனை என்று மூன்று பத்தி. எந்தப் பகடை எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்குப் பத்தி இல்லை. சிவப்பு கண்ணை உறுத்துகிறதோ என்று ஒரு வாரம் அதை எடுத்துவிட்டு வெள்ளை வாங்கிப் போட்டேன். அந்த வார வரிகள் 'வெள்ளை' என்று தனியாகக் கட்டம் கட்டி அழகாக இருக்கின்றன.

இதற்கு நடுவில் மற்ற விஷயங்களும் நடந்துகொண்டிருந்தன. அவை வேறு இடத்தில், வீட்டு டைரியில், இருக்கின்றன. ஆடி மூன்றாவது திங்கள்: காலையில் பல் தேய்க்கும்போது வாந்தி, பள்ளி லீவு. அதற்கடுத்த புதன்: காலையில் தலைவலி என்று அழுதாள், பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிட்டது. ஆவணி முதல் வெள்ளி: மறுபடி வாந்தி. "ஸ்கூல் பஸ் ஹார்ன் கேட்டா போதும், இவளுக்கு எல்லா வியாதியும் வந்துரும்" என்றாள் மனைவி. நானும் சிரித்தேன். மனைவியே ஒருநாள் அவளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, "இந்த முழங்கையைப் பாருங்களேன். எப்பப் பார்த்தாலும் லெஃப்ட் கைலதான் அடி. கதவு நிலையில போய் இடிச்சுக்கிறா" என்றாள். "ஓடாம நடக்கச் சொல்லு" என்றேன்.

வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டை விரித்துக் காட்டினார். என் மகள் ஒவ்வொரு வரியையும் பக்கத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்திருந்தாள். இடது பாதி முழுக்க வெள்ளை.

"போர்டுல எழுதினதுல பாதியைத்தான் காப்பி பண்றா சார். கூட்டல் கொடுத்தா ஒரு நம்பரை விட்டுடறா. நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்லல. காலாண்டு வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா யூகேஜியில இன்னொரு வருஷம் உட்கார வைக்கிறது அவளுக்கே நல்லது."

அந்த வெள்ளைப் பாதியை நான் என் கண்ணால் பார்த்தேன். கீறல் எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்து அச்சடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அது. அதைப் பார்த்துக்கொண்டே நான் கவலைப்பட்டது யூகேஜியைப் பற்றி. வீட்டுக்கு வந்து பகடை நேரத்தை அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆக்கினேன்.

அந்த நாட்களில் ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நீங்க ஒளிச்சு வைக்காம வெளையாடுங்களேன்."

"நான் எங்கே ஒளிச்சேன்? ரெண்டும் உன் முன்னாடிதானே இருக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் அதைக் கேட்கவில்லை. நோட்டில் அன்றைக்குத் தப்பு மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதை எழுதவில்லை. அது எனக்குத் தானாகவே ஞாபகம் இருக்கிறது.

ஆவணி கடைசி ஞாயிறு, கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் படப்பையில் கட்டின புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அந்த ஊர்ப் பழைய குடும்பம். வயல் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வாடகைக் கடைகள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கே பந்தி. நானும் மனைவியும் மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். எதிர் வரிசையில் நண்பரின் பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்களும்.

இலையில் வலப் பக்கம் மேலே பொரியல், கூட்டு. இடப் பக்கம் உப்பு, ஊறுகாய், கீழே வடை, அப்பளம். எல்லாப் பந்தியிலும் இருக்கிற வரிசைதான். என் மகளுக்கு அப்பளம் என்றால் உயிர். சாதம் வந்து சாம்பார் ஊற்றினதும் அவள் கேட்டாள், "எனக்கு மட்டும் அப்பளம் வைக்கல."

பரிமாறிக்கொண்டு வந்த பையன் ஒருவன் நின்றான். "இன்னா பாப்பா, அதான் கீதே எலையில!" என்று சொல்லிவிட்டு, குழந்தைதானே என்று இன்னொன்றையும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் இலையைப் பார்த்தாள். "இன்னும் வைக்கலம்மா." உதடு பிதுங்கிவிட்டது.

எதிர் வரிசையில் ஒரே சிரிப்பு. "ரெண்டு அப்பளத்தை வச்சுக்கினு இல்லைங்குது பாரு! அரசியலுக்குப் போனா நல்லா வருவே கண்ணு!"

"லெஃப்ட்ல பாருடி, மானத்தை வாங்காதே" என்றாள் மனைவி. மகள் சாம்பார்க் கையை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையால் இலை மேல் தடவினாள். அப்பளம் நொறுங்கிற்று. "ஐ! இங்கதான் இருக்கு!"

 'தொட்டால் சரி, பார்த்தால் தப்பு' என்று நானே எழுதிய வரி என் கையெழுத்திலேயே கண் முன்னால் வந்து நின்றது. அவள் கையைத் துடைத்து மடியில் வைத்தேன். "கையை அசைக்காதே குட்டி" என்று சொல்லிவிட்டு, அவள் இலையை இரண்டு ஓரத்திலும் பிடித்து, சோற்றோடு சாம்பாரோடு, அரைவட்டமாகத் திருப்பினேன். சாம்பார் மேஜை விரிப்பில் வழிந்தது. நுனி வலப் பக்கம் வந்தது.

"அட! அப்பளம்! ரெண்டு இருக்கே!" என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, "இப்ப பொரியலைக் காணோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அது எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் இலை போடுகிற விதம். நண்பரின் பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "யோவ் சார்! இன்னா பண்றே நீ? நல்ல காரியத்துல எலையைத் திருப்பிப் போடறே! படிச்ச ஆளுதானே நீ?" நண்பர் ஓடி வந்தார். யாரோ அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். புது இலை வந்தது. அதற்குள் நான் எழுந்து கை கழுவிவிட்டேன்.

 மனைவி மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது இலையில் யாரோ பாயசம் ஊற்றினார்கள்; மகள் அதை மட்டும் நக்கிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து வண்டியை எடுத்தபோது, "அந்த முழங்கை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.  மகள் பின் சீட்டில் வலது ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து வெளியே போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விடாமல் சரியாக எண்ணினாள்.

அன்று பிற்பகலே தாம்பரத்தில் கண் டாக்டரிடம் போனோம். ஞாயிறு என்பதால் கூட்டமில்லை. வயதான அம்மா அவர். மகளைத் தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். பிறகு மருந்து விட்டு, இருட்டில் கருவியை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். வரும்போது ஸ்கூல் பற்றியெல்லாம் மகளோடு பேசிக்கொண்டிருந்தவர், கருவியை எடுத்ததும் என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். காலையில் தலைவலி, வாந்தி உண்டா? வீட்டு டைரியில் இருந்த கிழமைகளை நான் வரிசையாகச் சொன்னேன்.

"கண்ணுல கோளாறு இல்ல. கண்ணுக்குப் பின்னாடி. நரம்பு வீங்கியிருக்கு. நாளைக்குன்னு தள்ளாதீங்க. இங்கேருந்து நேரா போங்க" என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 

மூளையின் வலப் பக்கத்தில், பின்புறமாக, ஒரு கட்டி. ஸ்கேன் படத்தில் அது ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. வலப் பக்க மூளை இடப் பக்கத்தைப் பார்க்கிறது என்று அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டர் விளக்கினார். அவளுக்கு இடது பக்கம் கறுப்பாகத் தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுதும்மா? கறுப்பாவா தெரியுது?" என்றார் அவர். "ஒண்ணுமே தெரியலைன்னுகூடத் தெரியாது. அப்படித்தான்."

பிறகு, எப்போது ஆரம்பித்தது என்று ஏதாவது உத்தேசம் உண்டா என்று கேட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் இருக்கும் என்று எல்லாரும் சொல்வதைப்போல நானும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முதலிலிருந்து புரட்டினார். ஆடி முதல் வாரப் பக்கம் முழுக்கச் சரி. அடுத்த வியாழன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வரியும்.

"யாரும் எனக்கு இவ்வளவு துல்லியமா நாள் சொன்னதில்ல" என்றார். "யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் இன்னொரு கேள்வி கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நோட்டை மூடி, சுத்தமாக மேஜையின் ஓரத்தோடு ஒட்டி வைத்தார். நரம்பில் வீக்கம் இருக்கிற வரைக்கும் மற்ற பாதிக்கும் ஆபத்துதான், இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் அதை இழந்திருப்பாள் என்றார். புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை.

கேட்காத கேள்வியை மனைவி வெளியே பெஞ்சில் வைத்துக் கேட்டாள். சண்டை போடுகிற குரலில் இல்லை. "தினமும் எழுதினீங்களே. ஒருநாள்கூட அதைப் படிச்சுப் பார்க்கலையா?"

படித்தேன். அதுதான் உண்மை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரப் பக்கத்தைப் படித்துக் கூட்டல் போட்டேன், எத்தனை சரி, எத்தனை தப்பு என்று. இதை அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

புதன்கிழமை ஆறு மணி நேரம் ஆயிற்று. கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது. மெதுவாக வளரும் வகை, வளராமலேயும் இருந்துவிடலாம். வாந்தி நின்றுவிட்டது, தலைவலி இல்லை, நரம்பின் வீக்கம் இரண்டு மாதத்தில் வடிந்தது. வலது பாதி அவளுக்கு மிஞ்சியது. இடது பாதி வரவில்லை. முதல் சில மாதங்கள் வரலாம் என்றார்கள். இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பள்ளியில் அவளை வகுப்பின் இடது ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். போர்டும் டீச்சரும் பிள்ளைகளும் எல்லாம் வலப் பக்கம் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலேயே தொடர்ந்தாள், இப்போது இரண்டாம் வகுப்பு. தலையை லேசாக இடப் பக்கம் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தெருவில் அவளுடைய இடப் பக்கமாகத்தான் நானோ மனைவியோ நடப்போம். ஜி.எஸ்.டி. சாலையில் அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ் அவளுக்கு ஹார்ன் சத்தம் மட்டும். கூட்டலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அதற்கு முன்னால் பார்வைப் பரிசோதனை. அந்த நாள் நெருங்கும்போது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. காலையில் அவள் பல் தேய்க்கப் போனால் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்து நிற்பாள். இந்த வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய், நல்ல மழை, கடைசியாகப் போய் வந்தோம். அறுவை சிகிச்சை செய்த டாக்டர்தான். மகள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

"கையைத் தொங்க விடும்மா, பரவாயில்ல" என்றார் டாக்டர். "என் மூக்கையே பாரு. விரல் தெரிஞ்சதும் சொல்லணும்."

வலது பக்கத்திலிருந்து கொண்டுவந்தபோது உடனே சொன்னாள். பிறகு அவர் தன் விரலை அவளுடைய இடது காதுக்குப் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்த ஆரம்பித்தார். கன்னத்துக்கு நேராக வந்தது. கண்ணுக்கு நேராக வந்தது. நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். மூக்கின் நடுக்கோட்டைத் தாண்டின இடத்தில், "இப்ப" என்றாள்.

"அதே இடம்தான்" என்றார் டாக்டர் எங்களைப் பார்த்து. "போன தடவை எங்கேயோ அங்கேயேதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதுதான் நமக்கு வேணும். ஸ்கேனும் வரட்டும், பார்ப்போம்."

மனைவி மூச்சை விட்டாள். மகள் இன்னும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாளோ, கேட்டாள்.

"நான் இப்பன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க விரல் எங்க இருந்துச்சு டாக்டர்?"

"இங்கதான்" என்று அவர் விரலை மறுபடி அவளுடைய இடப் பக்கம் கொண்டுபோனார்.

"எங்க?" என்றாள், தலையைத் திருப்பாமல்.

அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார்.